அசைந்தால் எரியும் பல்பு

கே.ஜி.எஃப். தங்கச் சுரங்க ஊரில் பிறந்தவர்களுக்கு இருட்டு பயமில்லை என்று எங்கள் சனம் பீற்றிக்கொள்ளும். அப்பா பூமிக்கடியில் வேலை பார்த்தவராம், அதனால் மகளுக்கும் இருட்டு பழக்கமாம். அதெல்லாம் சும்மா. பெங்களூர் ஜீவனஹள்ளி வீட்டுச் சமையலறையில் ட்யூப்லைட் செத்துப்போன அன்று, செல்போன் வெளிச்சத்தில் கடுகு என்று நினைத்துக் கேழ்வரகைத் தாளித்தவள் நான்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். ஒரே மகள் கல்யாணமாகி ஓசூர் போய் மூன்று மாதம். அங்கேயே வந்துவிடச் சொல்லி தினமும் போன் செய்வாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பேன். அவளுக்கு மாமியார் உண்டு, இருப்பதோ ஒரே பெட்ரூம். தனியாக இருந்து காட்டுகிறேன் பார் என்று வீராப்பு வேறு பேசியிருந்தேன்.

ஓனரம்மா, லைட்டெல்லாம் குடியிருப்பவர்கள் செலவு என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூட ஆயா சம்பளத்தில் ட்யூப்லைட் செட்டெல்லாம் கட்டுப்படியாகாது. சிவாஜிநகரில் ஒரு கடையில் போய், இருப்பதிலேயே மலிவானதைக் காட்டுங்கள் என்றேன். கடைக்காரர் சாதா பல்பை ஓரம் தள்ளிவிட்டு இன்னொன்றை எடுத்தார். சென்சார் பல்பு. ஆள் வந்தால் எரியும், ஆள் போனால் அணையும், கரண்ட் மிச்சமாகும் என்றார். மிச்சம் என்ற வார்த்தையைக் கேட்டால் நான் விழுந்துவிடுவேன். சாதா பல்பைவிட இரண்டு பங்கு விலை கொடுத்து சிக்கனம் வாங்கி வந்தேன்.

முதலில் வேடிக்கையாக இருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு நுழைந்தாலே எரிந்தது. வரவேற்க வீட்டில் ஒன்றாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அதன் குணம் தெரிந்தது. ஹாலில் தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல், சமையல் மேடைக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் ஸ்டூல் போட்டுச் சாப்பிடுவது வழக்கம். நான்கு வாய் சோறு உள்ளே போவதற்குள் பல்பு அணைந்துவிடும். நான் உட்கார்ந்திருக்கிறேன், சாப்பிடுகிறேன், அதற்கு அது போதவில்லை. மெல்லுவதெல்லாம் அதன் கணக்கில் அசைவே இல்லை. வலது கையில் சோறு இருப்பதால் இடது கையைத் தூக்கி ஆட்டுவேன். எரியும். மறுபடி அணையும். மறுபடி ஆட்டுவேன். ஒரு தட்டுச் சோற்றுக்கு எட்டுப் பத்து தரம் நான் இருப்பதை ஒரு பல்புக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு மாதம் இப்படி ஓடியது. ஒரு நாள் கையைத் தூக்கவில்லை. அணைந்தால் அணையட்டும் என்று மீதிச் சோற்றை இருட்டிலேயே சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்ன, அழுதேன்.

மறுநாள் பல்பைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் மாட்டிப் பார்த்தார்.

"பல்பு நல்லாத்தான் கீதும்மா. வீட்ல எத்தன பேரு?"

"நான் மட்டும்தான்."

"அதான். ரெண்டு பேரு இருந்தா அணையாதும்மா. யாராச்சும் ஒருத்தர் அசைஞ்சிக்கினே இருப்பாங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு இது வேண்டாம், சாதா பல்பே கொடுங்கள் என்றேன். சாதா பல்பு ஒன்றைக் கொடுத்து, மீதிக் காசுக்கு ஒரு ஹோல்டரையும் தலையில் கட்டினார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாதா பல்பு ஒழுங்காக எரிந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு ஸ்டூல், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. கையை ஆட்ட வேண்டிய வேலைகூட இல்லை. அது இன்னும் மோசம். இரண்டாம் நாள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன். மாசக் கடைசியில் வந்துவிடுகிறேன் என்றேன். அவள் சந்தோஷப்பட்டாள். எனக்குத் தோற்றுப்போன மாதிரி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். இளம் பெண், கையில் ஒரு சின்ன டிபன் பாக்ஸ். எங்கோ பார்த்த முகமாகக்கூடத் தெரியவில்லை. சந்துக்கு அந்தப் பக்கம், என் சமையலறைக்கு நேரெதிர் வீடாம். கன்னடக்காரப் பெண். புருஷனுக்கு பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் என்றாள்.

"ஹுஷார் இல்லையா அக்கா உங்களுக்கு? ஒடம்புக்கு முடியலையா? மூணு நாளா கை காட்டலையே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"தினம் ஏழரைக்கு எனக்குக் கை காட்டுவீங்கல்ல. நானும் காட்டுவேன். நீங்கதான் மேலயே பாத்துக்கினு இருப்பீங்க. மொதல்ல கோவம் வந்துச்சு, என்னா இவங்க எடது கையில காட்றாங்கன்னு. அப்புறம்தான் சாப்பிட்டுக்கினு இருக்கீங்கன்னு தெரிஞ்சுது."

அந்த ஜன்னலில் நான் ஒரு நாளும் வெளிச்சத்தைப் பார்த்ததில்லை என்றேன். சமையலறையில் லைட்டே போடுவதில்லையாம். ஹால் வெளிச்சமே போதும், எதற்குத் தண்டத்துக்கு என்றாள். அவளும் என் ஜாதிதான் என்று தெரிந்தது, கஞ்சத்தனத்தில்.

பல்பைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. மூன்று நாள் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். டிபன் பாக்ஸில் மிளகு ரசம் இருந்தது.

அவள் போனதும் மகளின் போன் வந்தது. பாத்திரங்களை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாள். பாத்திரம் இங்கேயே இருக்கட்டும், நானும் இருக்கிறேன் என்றேன். அவள் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள்.

ஏழரைக்கு ஸ்டூலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, இடது கையைத் தூக்கினேன். எதிரே இருட்டாகத்தான் இருந்தது. தூக்கிய கையை இறக்க வெட்கமாக இருந்தது.

எதிர் வீட்டுச் சமையலறையில் லைட் எரிந்தது. அவள் நின்றிருந்தாள், கை காட்டினாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் லைட்டை அணைத்துவிட்டாள். கரண்ட் பில் அவளுக்கும் வருகிறதல்லவா.