லைலா றாத்தாவின் கத்தரிக்கோல்

லைலா றாத்தா என் ஓர்கிட்டின் குருத்தைப் பிடித்து இலேசாக இழுத்துப் பார்க்கிறார். கையோடு கழன்று வருகிறது. அடியை மணந்துவிட்டு, "அழுகிட்டுது புள்ள, வெட்டோணும்" என்கிறார். நான் ஓம் என்று தலையாட்டுவதற்குள் பாதிச் செடி நிலத்தில் கிடக்கிறது. பூவுக்காக இரண்டு வருடம் காத்திருந்த ஓர்கிட்டை இப்படி மொட்டையடித்தால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது? "கறுப்போட நிப்பாட்டேலாது. பச்சையிலயும் ரெண்டு விரல் வெட்டோணும். பாவம் பார்த்தா மிச்சமும் போயிரும்" என்கிறார், என் முகத்தைப் பாராமலே.

லைலா றாத்தா எங்கள் உட்துறைமுக வீதிக்கே அக்கா, பாடசாலைச் சீருடை தைப்பவர். மாரி தொடங்கினால் தையலைவிட ஓர்கிட் வைத்தியம்தான் கூட. வாடைக்காற்றோடு மழை சாய்த்தடிக்க, முற்றத்துச் செடிகளில் பங்கசு என்ற பூஞ்சணம் ஏறி இலை கறுத்துக் கூழாகிவிடும். உடனே இவருக்கு ஆள் போகும். வருவார், வெட்டுவார், வெட்டுவாயில் கறுவாப்பட்டைத் தூள் அப்புவார், காற்றுப் படும்படி செடிகளைத் தள்ளித் தள்ளித் தொங்கவிடுவார். "பின்னேரம் தண்ணி ஊத்தாதீங்க எண்டு எத்தின தரம் சொல்ற?" என்று ஏசியும் விட்டுப் போவார். ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

சுத்தம் என்றால் அவருக்கு உயிர். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தரிக்கோலை ஈரத்துணியால் துடைப்பார். அதற்கென்றே கைப்பையில் ஒரு வெள்ளைத்துணி. துடைக்காமல் அடுத்த செடியைத் தொட்டதை நான் கண்டதில்லை. அப்படியிருந்தும் போன மாரியில் எனக்கு மூன்று செடி செத்தது. எங்கள் வீதிக் கமலாதேவி ரீச்சருக்கு ஐந்து. வாய்க்கு வந்தபடி மழையைத்தான் திட்டினோம்.

போன கிழமை அதே வீதியில் ஷாமிலா வீட்டில் ஓர் அழுகலை வெட்டிவிட்டு வந்தவர், தன் முற்றத்துச் செடியில் வாடியிருந்த பூத்தண்டை அதே கத்தரிக்கோலால் நறுக்கியிருக்கிறார். நோய்நொடி இல்லாத செடி. துடைத்துவிட்டுத்தான் நறுக்கினாராம். நாலாம் நாள் விடிய என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். நறுக்கிய இடத்திலிருந்தே கறுப்பு கீழே இறங்கியிருந்தது. வேறு எங்கும் ஒரு புள்ளி இல்லை.

றாத்தா கைப்பையிலிருந்த துணியை எடுத்து மேசையில் விரித்தார். "ஒரு வீட்டு அழுகலத் துடைச்சு, இதாலயே மத்த வீட்டுக்குப் பூசியிருக்கன் புள்ள. கத்தரிக்கோல நெருப்பில காட்டியிருக்கோணும். சுத்தம் சுத்தம் எண்டு துடைச்சன்."

வேலியே பயிரை மேய்ந்த கதை. ஆறுதலுக்கு, "மழையும்தானே, றாத்தா" என்றேன். "மழையச் சாட்டாதீங்க" என்றார். உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபமும் வந்தது. மூன்று செடியல்லவா?

அவரை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் பேரும் கெட்டிராது. ஆனால் அன்று காலையே வீடுவீடாகப் போய்ச் சொன்னார். கூடப் போனேன். கடைசியாகக் கமலாதேவி ரீச்சர் வீடு. அங்கே மிஞ்சியிருந்தது ஒரேயொரு வெள்ளை ஓர்கிட். அதிலும் ஓர் இலை கறுக்கத் தொடங்கியிருந்தது.

"வாங்கோ லைலா, உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்று ரீச்சர் கேற்றைத் திறந்தார்.

றாத்தா உள்ளே போகவில்லை. "உங்கட அஞ்சு செடியையும் சாகடிச்சது நான்தான், ரீச்சர்" என்றார். துணியின் கதையை ஒன்றும் விடாமல் சொன்னார். கேட்ட ரீச்சர் உள்ளே போய், அந்த வெள்ளை ஓர்கிட்டைச் சட்டியோடு தூக்கிவந்து றாத்தாவிடம் நீட்டினார்.

"இதையாவது காப்பாத்தித் தாங்கோ."

றாத்தா சட்டியை வாங்கவில்லை. "புது பிளேட் ஒண்ட நெருப்பில காட்டி, நீங்களே வெட்டுங்க. எங்க வெட்டுறதெண்டு நான் சொல்றன்" என்றார். ரீச்சர் வெட்டி முடிக்கும்வரை, றாத்தாவின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தன.