வயிற்றுக்குள் ஒரு சம்சு கடை

கோவிட் ஓய்ந்து, ஜனங்கள் மறுபடியும் வீட்டுக்குள் ஆள் விடத் தொடங்கிய வருடம் அது. லூனாஸ் என்ற எங்கள் ஊரில் மின்விசிறி, தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவன் நான். வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறதே என்று கிளினிக்குக்குப் போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றார்கள்.

வீட்டில் வந்து சொன்னதும் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் அப்பா ரப்பர் தோட்டத்தில் சம்சு சாராயம் குடித்துக் குடித்தே கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தவர். கல்யாணத்துக்கு முன் என்னைப் பற்றி அவள் விசாரித்தது ஒன்றைத்தான்: குடிப்பழக்கம் உண்டா? இல்லை என்றதால்தான் கழுத்தை நீட்டினாள்.

"எத்தன வருசமா இந்தக் கூத்து?" என்றாள்.

எனக்குச் சாதாரணமாகவே பேச்சு வராது. அன்று சுத்தமாக வரவில்லை. நான் வாயடைத்து நின்றதே அவளுக்குச் சாட்சியாகிவிட்டது.

அதன்பிறகு வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "ஊதுங்க" என்பாள். ஊதுவேன். சாமான் பெட்டியில் ஸ்குருட்ரைவருக்கு அடியிலும் தேடினாள். ஒன்றும் கிடைக்காததில் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு மட்டும் வந்தது, தட்டு வைக்கும் சத்தத்தோடு.

அடுத்த முறை கிளினிக்குக்கு அவளும் வந்தாள். டாக்டர் சின்ன வயதுத் தமிழ்ப் பெண். நான் உட்காருவதற்குள் இவள், "டாக்டர், இவரு குடிக்கிறாரா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க லா" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்து, "அங்கிள், ஒரு நாளைக்கு இனிப்பா எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் ஏதாவது கலக்கிக் கொடுத்துவிடுவார்கள். சீனிப்பாகில் கலக்கிய ரோஜா சிராப், கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணி, கோப்பி. வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கூச்சம். கோப்பை காலியானால் மறுபடி ஊற்றுவார்கள், அதையும் குடிப்பேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனதும் நிறுத்திக்கொண்டேன்.

"வீட்டுல சீனியே வேணாம்பாரே டாக்டர்!"

"வெளியிலயே ரொம்பிடுது போல ஆன்ட்டி."

பிறகு டாக்டர் விளக்கினார். குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றனவாம். காய்கறி, கீரை போட்டால் நல்லவை பெருகும். சீனியாகக் கொட்டினால் கெட்டவை ஆட்டம் போடும். அவற்றின் கழிவு இரத்தத்தோடு நேராகக் கல்லீரலுக்குப் போகும். கொழுப்பு படிய அதுவும் ஒரு காரணமாம்.

"சில பேருக்கு அந்தக் கிருமிங்க உள்ளேயே கொஞ்சம் சாராயம்கூட காய்ச்சும். அங்கிளுக்கு அப்படியான்னு தெரியல. ஆனா குடிக்காதவங்களுக்கும் இது வரும் ஆன்ட்டி."

மனைவி என் வயிற்றையே பார்த்தாள். "அப்ப நான் வெளியில தேடிக்கிட்டு இருக்கேன், சம்சு கடை உள்ளுக்குள்ளயா நடக்குது?"

கதவு திறந்திருந்தது. வெளியே காத்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் நான் நாற்காலியோடு சுருங்கிப்போனேன். ஆனால் திரும்பும்போது, மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். போகும்போது பின்கம்பியைத்தான் பிடித்திருந்தாள்.

மறுநாள் ஒரு வீட்டில் மின்விசிறியை மாட்டி இறங்கியதும் சிராப் வந்தது. "வேண்டாம்மா, பச்சத் தண்ணி போதும்" என்றேன்.

"ஏண்ணே, எங்க வீட்டுல குடிக்க மாட்டீங்களா?" அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது.

வேறு வழியில்லாமல் குடல் கிருமிகளைப் பற்றி முழுவதும் சொன்னேன். என் வாழ்நாளிலேயே நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இந்தாங்கண்ணே, உங்க ஆளுங்களுக்கு" என்று வெள்ளரிக்காய் நறுக்கிக் கொண்டுவந்தார்.

இப்போது கொழுப்பு குறைந்து வருகிறது. ஊதச் சொல்வதை மட்டும் மனைவி விடவில்லை. சிராப் வாசனை அடிக்கிறதா என்று பார்க்கிறாள். ஊரில் யார் மனமும் நோகக்கூடாது என்று வாய் பேசாமல் குடித்தவன் நான். அந்த வாய் பேசாமையால் என் வீட்டிலேயே ஒருத்தி நொந்து கிடந்தாள் என்பது, யாராவது கோப்பையை நீட்டும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறது.