காலராகிப் போன கணக்குத்தாள்

கத்திரிக்கோல் அத்தை என்றால் எங்கள் உறவுக்காரர் எல்லோருக்கும் தெரியும். சீருடை தைக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகக் காலர் வெட்டுகிறவள். கெட்டித் தாள் கண்ணில் பட்டால் கை அரிக்கும். அது கல்யாணப் பத்திரிகையோ காலண்டர் அட்டையோ, அடுத்த நிமிடம் ஏதாவது ஒரு சட்டைக்கு அளவு மாதிரியாகிவிடும்.

போன வருடம் தோள்பட்டையில் ஆபரேஷன் ஆகிப் பத்து வாரம் வீட்டில் இருந்தாள். காப்பீட்டு ஆபீஸ் வாராவாரம் மருத்துவ விடுப்புப் பணம் அனுப்பியது. வரிக்கணக்கு கொடுக்கும் காலம் வந்தது. சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் படிவம் நிரப்பித் தரும் கொழுந்தன் பேனாவோடு வந்து உட்கார்ந்தார்.

படுத்துக்கொண்டு வாங்கிய காசுக்கும் கணக்கா என்று அத்தை கேட்டாள். அதுவும் வருமானம்தான், எழுதியே தீரவேண்டும் என்றார் அவர். நல்லவேளையாக வரியை அப்போதே பிடித்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள். வருடக் கடைசியில் அதற்கென்று ஒரு தாள் வந்திருக்குமே, அதைக் காட்டாவிட்டால் அதே வரியை இன்னொரு தடவை கட்ட நேரிடும் என்றார். அத்தை மூலையில் இருந்த தையல் பெட்டியைப் பார்த்தாள்.

"நல்ல கெட்டித் தாளா இருந்துச்சு தம்பி."

"அண்ணி, வெட்டிட்டீங்களா?"

"உங்க சட்டைக்குத்தான்."

அதற்குமேல் அவர் எப்படிக் கோபப்படுவார்? வேறு தாள் கேட்டு எழுதினால் வர ஒரு மாதமாகும், கெடுவோ வெள்ளிக்கிழமை. இரண்டு பேரும் தையல் பெட்டியைக் கவிழ்த்தார்கள். நறுக்கிய ஓரத்தைக்கூடத் தூக்கிப் போடாத கை அவளுடையது. மொத்தப் பணம் காலர் துண்டில் இருந்தது. பெயரும் விலாசமும் காலர் பட்டியில். பிடித்த வரி மட்டும் அகப்படவில்லை. கடைசியில், பாதி தைத்த அந்தச் சட்டையின் பாக்கெட் துணியில் குண்டூசி குத்திய துண்டில் அது பத்திரமாக இருந்தது.

மறுநாள் வரி ஆபீசில், கவுண்டரில் இருந்த அம்மாள் துண்டுகளை வரிசையாகப் பொருத்திப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது யார் கழுத்தளவு என்று கேட்டாள். அத்தை பக்கத்தில் நின்ற கொழுந்தனைக் கண்ணால் காட்டினாள். நகல் எடுத்தார்கள், படிவத்தில் விடுப்புப் பணமும் பிடித்த வரியும் ஏறின. கூடுதலாக ஒரு காசும் கட்ட வேண்டாம் என்று முத்திரை குத்திவிட்டு, அந்த அம்மாள் துண்டுகளை ஒட்டித் தர டேப்பை எடுத்தாள்.

அத்தை சட்டென்று கையை நீட்டித் தடுத்தாள்.

"ஒட்டிடாதீங்கம்மா. தம்பி சட்டைக்குக் கை இன்னும் வெட்டல."