மெத்தையைக் கிழித்த வெள்ளிக்கிழமை

எங்கள் அம்மா தன் கல்யாண மெத்தையைக் கத்தரிக்கோல் போட்டுக் கிழித்தாள் என்பது உண்மைதான். செங்கல்பட்டில் எங்கள் சொந்தக்காரர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள் என்றால் பேசட்டும். மெத்தையின் ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். இன்றைக்குக் கூப்பிட்டாலும் போய்ப் பிடிப்பேன்.

அப்போது நான் ஒன்பது வயதுச் சிறுமி. வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பட்டாளத்தில் கழித்துப்போட்ட சாமான்களைப் பட்டணத்தில் ஏலம் விட்டார்கள். அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருநாள் ரயிலேறிப் போய், ஒரு பழைய ஜீப்பையும் அதன் பின்னால் மாட்டி இழுக்கிற ஒரு பெட்டி வண்டியையும் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். இரண்டு சக்கரம், தகரக் கூரை, பக்கத்துக்கு ஒரு ஜன்னல், பின்னால் ஒரு கதவு. தெருப் பிள்ளைகள் எல்லாம் அதற்குள் ஏறி இறங்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் குடும்பத்துக்குச் சவுக்குத் தொழில். கடலோரத்துத் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து, வெட்டி, கட்டுக்கட்டாக அனுப்புவார்கள். தோப்புகள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே மணலில் இருந்தன. வெட்டு நடக்கிற மாசங்களில் அத்தா அங்கேயே கிடக்க வேண்டும். முந்தின வருஷம் நாலு மாசம் கழித்துத் தாடியும் கருப்புமாகத் திரும்பி வந்தவரைப் பார்த்து என் தம்பி வீறிட்டு அழுதான். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

பெட்டி வண்டி வந்த அன்றே அம்மா சொல்லிவிட்டாள், இந்தத் தடவை தானும் பிள்ளைகளும் கூடவே வருவதென்று. அத்தா தலையைச் சொறிந்தார். அவருக்கும் ஆசைதான். ஆனால் வீட்டில் முடிவெடுக்கிறவர் அவரில்லை. பெரியத்தா, அதாவது அத்தாவின் அண்ணன், வைத்ததுதான் சட்டம். பள்ளிவாசல் ஜமாத்திலும் பஞ்சாயத்து என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

பெரியத்தா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கைத்தடியால் சக்கரத்தைத் தட்டினார்.

"இன்னாடா, பொம்பளைங்கள வண்டில வச்சி இஸ்துகினு போவப் போறியா? நாம இன்னா சர்க்கஸ் கம்பெனியா?"

அத்தா காலால் மண்ணைக் கிளறினார்.

"நாலு பேரு படுக்க இதுல எடம் எங்க கீது? மொதல்ல படுக்கைக்கு வழி பண்ணு. அப்பால பேசலாம்."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அம்மா அதை வாக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் பதினோரு பேர் இருந்தோம். முன்கூடம் ஆண்களுக்கு. உள்ளறை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். தெருப்பக்க அறை பெரியத்தாவுக்கு மட்டும், அவருக்கு முதுகுவலி. அவர் மனைவியான பெரியம்மாவே எங்களோடு உள்ளறையில்தான் படுப்பாள். எல்லோரும் படுத்து முடித்த பிறகு, எந்த இடுக்கு மிச்சமோ அங்கே அவள் பாயை விரிப்பாள். யாராவது பிள்ளை உருண்டு வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு வேறு இடுக்குக்குப் போவாள். புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு கதவுக்குப் பின்னால் இருப்பது எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குக் கிடைக்கிற மரியாதை. அம்மாவும் அத்தாவும் பேசிக்கொண்டதை நான் பார்த்ததெல்லாம் கிணற்றடியில்தான்.

ஆகவே படுக்கை வேட்டை தொடங்கியது. வண்டிக்குள் நீளம் ஏழு அடி, அகலம் நாலரை அடி. அந்த நாலரை அடியிலும் சக்கரங்களை மூடிய இரண்டு மேடுகள் பக்கத்துக்கு ஒன்றாகத் துருத்திக்கொண்டிருந்தன. அவை போக நடுவில் ஒரு ஆள்தான் படுக்கலாம். அளவு பார்க்க ஆள் வேண்டுமே. அத்தாவும் அம்மாவும் பட்டப்பகலில் வண்டிக்குள் படுத்துப் பார்க்க முடியுமா? அதனால் எல்லாப் படுக்கைக்கும் நான்தான் அளவுகோல்.

முதலில் கோரைப்பாய். சுருட்டினால் ஒரு மூலையில் அடங்கிவிடும், நல்லதுதான். ஆனால் அடியில் இருந்த தகரத்தின் வரிகள் முதுகில் அப்படியே பதிந்தன. அத்தா ஜீப்பைத் தெருமுனை வரை ஓட்டிக் காட்டினார். நான் இறங்கும்போது அழுதுகொண்டே இறங்கினேன். பிறகு வைக்கோல் திணித்த கோணிப்பை. ஒரு மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு. அதற்குப் பிறகு அத்தா பட்டாளத்து மடக்குக் கட்டில் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார். வெள்ளைக்காரத் துரையே இதில்தான் படுப்பான் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அவரே அதில் உட்கார்ந்தார். கட்டில் அவரை உள்ளே வைத்து மடங்கிக்கொண்டது. இரண்டு பேர் பிடித்து இழுத்து வெளியே எடுத்தோம். துரை எப்படிப் படுத்தானோ, அவனைக் கேட்க முடியாது.

பெரியத்தா தெருப்பக்க ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார், தன் மெத்தையில் சாய்ந்தபடி.

தன் மெத்தை என்று எழுதிவிட்டேன். அது அம்மாவுடைய மெத்தை. கல்யாணத்தில் அம்மா வீட்டார் சீராகக் கொடுத்தது. சிவப்புக் கோடு போட்ட கெட்டித் துணியில் இலவம்பஞ்சு அடைத்து, இரண்டு பேர் தூக்கினால்தான் நகரும். கல்யாணம் முடிந்த மாசமே, முதுகுக்கு இதமாக இருக்கிறது என்று பெரியத்தாவின் அறைக்குப் போனது. திரும்பி வரவில்லை. அம்மா பத்து வருஷமாக அதை வெயிலில் காயப்போட்டுத் தட்டி விரிப்பாள். ஒருநாளும் அதில் படுத்ததில்லை.

மடக்குக் கட்டில் கடித்த மறுநாள் அம்மா அந்த மெத்தையைத் தட்டி விரிக்கும்போது சாண் போட்டு அளந்ததை நான் பார்த்தேன். அப்புறம் வண்டிக்குப் போய்ச் சக்கர மேடுகளை அளந்தாள். அடுப்புக் கரியால் கதவின் உள்பக்கம் கோடு போட்டுப் பார்த்தாள். முழு மெத்தையை வைத்தால் வண்டிக்குள் அடுப்பு வைக்கக்கூட இடமில்லை. மூன்றாகக் கிழித்தால் கதை வேறு. பகலில் இரண்டு துண்டு சக்கர மேடுகளின் மேல் உட்கார, ஒன்று சாய்ந்துகொள்ள. ராத்திரி நடுவில் பலகையைப் போட்டு மூன்றையும் சேர்த்தால் நாலு பேருக்கு ஒரே படுக்கை. பலகைக்கு அடியில் அரிசி, அடுப்பு, பாத்திரம். தலையணைக்குப் பஞ்சே வேண்டாம், உடுத்துகிற துணிகளை மடித்து உறைக்குள் போட்டால் அதுதான் தலையணை, அதுதான் பீரோ. இதை என்னிடம் விரல் விட்டுச் சொல்லிக் காட்டினாள். பெரிய எஞ்சினியர்கள் வந்தாலும் இதற்கு மேல் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீட்டில் ஆண்களே இல்லாத நேரம் வாரத்தில் ஒன்றே ஒன்றுதான், வெள்ளிக்கிழமை ஜும்மா. பாங்கு சொன்னதும் எல்லோரும் தொப்பி போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பஞ்சு அடிக்கிறவரிடம் அம்மா முன்கூட்டியே ரகசியமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் ஒன்றை மறந்துவிட்டாள். பஞ்சு அடிக்கிறவரும் முஸ்லிம்தானே, அவருக்கும் ஜும்மா உண்டே! மணி ஓடிக்கொண்டிருந்தது, ஆளைக் காணோம். கடைசியில் அவருடைய மனைவி ஒரு பிரம்போடு வந்து நின்றாள்.

"அவரு தொழுவப் பூட்டாரு. பஞ்சு அடிக்கிற வில்லு எனுக்கு வராது, கோலு வரும். எங்க கீது மெத்த?"

அம்மா கத்தரிக்கோலை எடுத்துத் தையலின் மேல் வைத்தாள். உடனே வெட்டவில்லை. சீர் மெத்தையில் கத்தரி படக்கூடாது, தாம்பத்தியத்துக்கே ஆகாது என்று பெண்கள் சொல்வார்கள். அப்போது உள்ளறையிலிருந்து பெரியம்மா வந்தாள். போச்சு, இவள் போய்ச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். பெரியம்மா போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மடியிலிருந்து கோணி ஊசியை எடுத்தாள்.

"கிழிம்மே. நேரம் ஆவுது" என்றாள்.

நான் முனையைப் பிடித்தேன். அம்மா கிழித்தாள். பஞ்சுக்காரரின் மனைவி பிரம்பால் அடித்த அடியில் பத்து வருஷத்துக் கட்டிப் பஞ்சு புகை மாதிரி கிளம்பி முற்றம் முழுக்கப் பறந்தது. தம்பி அதைப் பிடிக்க ஓடினான். எல்லோரும் தும்மினோம். பெரியம்மா தும்மலுக்கு நடுவே சிரித்தாள். அவளுக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மூன்றாவது துண்டு பாதி தைத்திருக்கும்போது கதவு தட்டப்பட்டது. பெரியத்தா முன்னால், அத்தா பின்னால், வீட்டு ஆண்கள் இன்னும் மூன்று பேர். பெரியத்தா தன் அறையை எட்டிப் பார்த்தார். வெறும் கட்டில். முற்றத்துக்கு வந்தார். ஒரு கற்றைப் பஞ்சு மெதுவாக இறங்கி அவர் தாடியில் உட்கார்ந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"இன்னா இது?"

அம்மா அவரிடம் நேராகப் பேசியதே கிடையாது. எதுவானாலும் பெரியம்மா மூலமாகத்தான். அன்றைக்கு முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"போன மாசம் பள்ளிவாசல்ல ஒரு பஞ்சாயத்து நடந்திச்சாம். பொண்ணு கொண்டாந்த சாமான் பொண்ணுக்குத்தான் சொந்தம், புருசன் வூட்டுக்காரங்க தொடக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்களாம். இது நான் கொண்டாந்தது."

 ஊருக்குச் சொன்ன தீர்ப்பைத் தன் முற்றத்தில் வைத்து மாற்ற முடியுமா? பெரியத்தா திரும்பி அத்தாவைப் பார்த்தார்.

"நீ இன்னாடா சொல்ற?"

அத்தா அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.  தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"அளவு சரியா கீதான்னு வண்டில வச்சிப் பாக்கணும்ணே" என்றார்.

அவ்வளவுதான். அவரும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முதல் துண்டை வாசலுக்குத் தூக்கிப் போனார்கள். பட்டப்பகலில், தெரு பார்க்க.  அளவு கச்சிதமாக இருந்தது. பெரியத்தா அன்று மத்தியானம் கோரைப்பாயில் படுத்தார். முதுகுவலி அதிகமானதாக அவர் சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நாலாம் நாள் காலை புறப்பட்டோம். ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. திருக்கழுக்குன்றம் வழியாக வெயிலுக்கு முன்னால் கடலுக்குப் போய்விடலாம் என்று அத்தா அவசரப்படுத்தினார். நான் ஏறப் போனபோது வண்டியின் கதவு சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தேன், உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. ஜன்னலில் தொற்றி எட்டிப் பார்த்தேன். மெத்தைத் துண்டின் மேல் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் செய்யவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கடலுக்கு நேரமாகிறது, இவள் எங்கள் மெத்தையில் சொகுசாக உட்கார்ந்திருக்கிறாள். கதவை இரண்டு கையாலும் குத்தினேன்.

"எறங்கு பெரிம்மா! அது எங்க எடம்!"

தாழ் உடனே விலகியது. பெரியம்மா அவசர அவசரமாக இறங்கினாள். உட்கார்ந்த இடத்தைக் கையால் தட்டிச் சரி செய்துவிட்டு, "இல்லம்மா, இல்லம்மா, எறங்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஒதுங்கி நின்றாள்.

அம்மா என்னை ஓங்கி ஓர் அறை விட்டாள். அதுவரை அவள் என் மேல் கை வைத்ததே இல்லை. பிறகு பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அத்தா ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

மாமல்லபுரம் போய்ச் சேரும் வரை நான் யாரோடும் பேசவில்லை. எரிகிற கன்னத்தை அந்த மெத்தையில் அழுத்திக்கொண்டு, நான் சொன்னதில் என்ன தப்பு, சரியாகத்தானே சொன்னேன் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன்.