ஞானமலரின் கரண்ட் கார்

பெற்றோல் வரிசைகளை ஊர் மறந்துவிட்டது. ஞானமலர் மறக்கவில்லை. இறக்கக்கண்டியில் வாடகைக்கு வாகனம் ஓட்டி, ஹயர் ஓடுகிற ஒரே பெண் அவள். பெற்றோல் தட்டுப்பாடான அந்த வருடம் அவளுடைய வான் நாள்கணக்கில் வரிசையில் கிடந்தபோது, பக்கத்து வளவு ஸஹாப்தீன் நானா கால் வீங்கி வீட்டில் கிடந்தார். சிறுநீரகம் பழுதான மனிதர். வாரத்தில் இரண்டு முறை திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போய் மெசினில் இரத்தம் சுத்தம் செய்தால்தான் அவருக்கு உயிர். அதே நேரம் பெரிய இடத்து ஜீப்புகள் பெற்றோல் ஷெட்டின் பின்வாசலால் வந்து எண்ணெய் அடித்துக்கொண்டு போயின. அதை அவள் தன் கண்ணால் கண்டாள்.

"இனி ஒருத்தன்ர ஷெட் வாசலிலயும் நான் நிக்கமாட்டன்" என்றாள்.

சொன்னபடி, காலம் கொஞ்சம் சரியானதும் வானை விற்று, யாரோ ஓடிக் களைத்த யப்பான் மின்சாரக் கார் ஒன்றை வாங்கினாள். ஒருமுறை சார்ஜ் போட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து, நிலாவெளிக்கு இன்னொரு ஹயரும் ஓடலாம். அவளுக்கு அது போதும். பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கச் சொன்னார்கள் ஊரார். "பற்றரிக்குள்ள தண்ணி போனா சுவாமியே புதுப் பற்றரி வாங்கித் தருவாரோ?" என்று கேட்டாள். கடல்தொழில் செய்கிற கணவன் அஞ்சலோ வயிறு குலுங்கச் சிரித்தான்.

"நான் மண்ணெண்ணெய் மணத்தோட வாறன், நீ மகாராணி மாதிரி வாறாய். இனி என்னைக் கட்டிலில ஏத்துவியோ?"

"குளிச்சிட்டு வந்தா யோசிப்பம்."

சுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கோயில் பெருநாளுக்குக் கொடியேறும் வரை. பின்னேரங்களில் ஊர் பல்புகள் மஞ்சளாகி மங்குவது புதிதல்ல. ஆனால் நவநாள் செபத்தின் முதல் நாளே கோயில் சோடனை லைட்டுகளும் மங்கின. ஊரே காரணம் தேடியது. புதிதாய் வந்தது எது? கார். ஓட்டுவது யார்? பெண். விசாரணை அதோடு முடிந்தது.

கோயில் சபைத் தலைவர் லெஸ்லி மைக்கில் அறிவித்தார்: "ஊர் லைன்ல கார் சார்ஜ் பண்ணுறது ஊருக்குப் பாதகம். பெருநாள் முடியிற வரைக்கும் ஞானமலர் அதை நிப்பாட்ட வேணும். பிறகு என்ன செய்யிறதெண்டு சபை முடிவெடுக்கும்."

வான் கைவிட்டுப் போயிற்று. வீட்டில் சார்ஜ் போடாவிட்டால் காலையில் கார் இல்லை. கார் இல்லாவிட்டால் நானாவுக்கு ஆஸ்பத்திரி இல்லை, அவளுக்குத் தொழிலும் இல்லை.

அவள் கத்தவில்லை. உண்மையில் அவளுக்கே ஒரு சந்தேகம் இருந்தது. அன்று பின்னேரம் சார்ஜ் வயரைக் கழற்றி வைத்துவிட்டு குசினி பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்பு வழக்கம்போல மங்கியது. மறுநாளும் மங்கியது. கோயிலுக்குப் போய் லெஸ்லியிடம் சொன்னாள்.

"லெஸ்லி அண்ணை, நான் வயரைக் கழட்டித்தான் வைச்சிருக்கிறன். அப்பவும் மங்குது."

"உன்ர வீட்டுக்குள்ள நடக்கிறதை ஆர் பாத்தது?"

"வந்து பாருங்கோவன்."

"எனக்குப் பெருநாள் வேலை கிடக்கு" என்றார் அவர். கோயில் வாசலில், ஐஸ் முதலாளியின் பெயர் பெரிதாய் எழுதிய வளைவை அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். லைட்டும் ஸ்பீக்கரும் அவருடைய உபயம். கடற்கரையோரம் அவருக்கு ஐஸ் தொழிற்சாலை இருக்கிறது. உபயகாரரைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. காசு கொடுத்தவனுக்கு மரியாதை, காசில்லாதவள் தலையில் பழி. நம்முடைய கோயில்கள், பள்ளிகள், சங்கங்கள் எல்லாவற்றிலும் எழுதாமல் நடக்கிற சட்டம் இது.

நானாவின் மனைவி நபீஸாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "மலர் புள்ள, நீ வீட்டுக்குள்ள காட்டினா நம்பமாட்டாங்க. காரைக் கொண்டுபோய் அவங்கட கண்ணுக்கு முன்னால விட்டுடு."

ஞானமலர் நபீஸாவை ஒருதரம் பார்த்தாள். பிறகு சாவியை எடுத்தாள்.

அன்றைய நவநாளுக்குச் சனம் வரும்போது, கார் கோயில் முற்றத்தில் கொடிமரத்துக்கு நேரே நின்றது. வயரை எல்லாருக்கும் தெரிய முன்கண்ணாடியில் சுருட்டி வைத்திருந்தாள்.

"இதென்ன, வாகனத்தையும் செபத்துக்குக் கூட்டியந்தனியோ?" என்றார் லெஸ்லி.

"ஓம் அண்ணை. பாவம் செஞ்சது அதுதானே."

பின்னாலிருந்து பெண்கள் சிரித்தார்கள். முற்றத்தில் வாங்குகள் போட்டுச் செபம் தொடங்கியது. இருட்டுகிற நேரம், பாட்டு நடுவில் இருக்க, சோடனை லைட்டுகள் மஞ்சளாகின. ஸ்பீக்கர் கொரகொரவென்று இழுத்து ஓய்ந்தது. பாடினவர்களும் நிறுத்தினார்கள். அந்த அமைதியில்தான் கேட்டது: கடற்கரைப் பக்கமாக, கனத்த மோட்டர் ஒன்று உறுமி வேகம் பிடிக்கிற சத்தம். வள்ளங்களுக்கு ஐஸ் போட அந்த மெசின் ஒவ்வொரு பின்னேரமும் தொடங்கும். தினம் கேட்ட சத்தம்தான். பெருநாள் தொடங்கியதிலிருந்து ஸ்பீக்கர் அதை மூடியிருந்தது.

எல்லார் கண்ணும் காருக்குப் போய், கடற்கரைக்குப் போய், கடைசியில் லெஸ்லியிடம் வந்து நின்றன.

"தலைவர், கார் இஞ்சதான் நிக்குது!" என்று அஞ்சலோ பின்வரிசை வாங்கிலிருந்து சத்தம் போட்டான். "பாவிக்கு மன்னிப்பு உண்டோ?"

செபம் முடிந்ததும் ஆண்களும் பெண்களுமாய் முதலாளியிடம் போனார்கள். அவர் முதலில் உறுமினார், பிறகு மழுப்பினார், கடைசியில் பெருநாள் முடியும்வரை பின்னேரங்களில் மோட்டரை நிறுத்த ஒத்துக்கொண்டார். பெருநாள் முடிந்த பிறகு மின்சாரக் கந்தோரிலிருந்து வந்து அளந்து பார்த்தவர்கள், அந்த மோட்டருக்குத் தனி ட்ரான்ஸ்போமர் போடவேண்டும், செலவு அவருடையது என்றார்கள்.

முதலாளியிடம் போன மறுநாள் காலை லெஸ்லி வேலியடியில் வந்து நின்றார். "நீ இனி சார்ஜ் போடலாம். சபை ஒத்துக்கொண்டிட்டுது."

"சபை ஒத்துக்கொள்ள நான் கேக்கேல்லையே அண்ணை. மைக்கில சொல்லிப் போட்ட பழியை மைக்கிலயே எடுங்கோ."

"அதெல்லாம் எதுக்கு, நமக்குள்ள…"

"நமக்குள்ளயெண்டா முதல் நாளே என்ர வீட்டுக்கு வந்து கதைச்சிருக்கலாம்."

அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்.

அன்று நானாவுக்கு மெசின் முறை. ஹயர் ஓடாமல் மிச்சம் பிடித்திருந்த சார்ஜ் அதற்குப் போதுமாயிருந்தது. ஞானமலர் அவரையும் நபீஸாவையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பொழுது பட்டுவிட்டது. ஊர் எல்லையில் கண்ணாடிகளை இறக்கினாள். இரைச்சலில்லாத கார், கோயில் ஸ்பீக்கர் தெளிவாய்க் கேட்டது. லெஸ்லியின் குரல், அவசரமாய், சொல்லுக்குச் சொல் விழுங்கிக்கொண்டு: லைட் மங்கினதுக்கும் ஞானமலரின் காருக்கும் சம்பந்தமில்லையாம். சபை வருந்துகிறதாம்.

"கெதியில முடிச்சிட்டானே" என்றார் நானா, களைத்த குரலில்.

"பரவாயில்லை நானா. ஊருக்கே கேட்டுது."

நபீஸா பின்சீற்றிலிருந்து அவள் தோளில் ஒரு அடி போட்டாள். ஞானமலர் சிரித்துக்கொண்டே காரை வளவுக்குள் திருப்பினாள். நானாவைக் கைபிடித்து இறக்கி, வீட்டு வாசல்வரை விட்டுவிட்டு வந்து, நாளைய ஓட்டத்துக்கு வயரைச் சொருகினாள்.