பூட்டிக்கொள்ளும் பெடல்

றொசல்ல தோட்டப் பாடசாலையில் சுலக்ஷனா கணக்குப் படிப்பித்தாள். விளையாட்டுப் பொறுப்பும் அவளிடம்தான் இருந்தது. இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பது அவள் வேலை. அடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிள்ளைகள் வாயைத் திறந்து மூச்சை இழுத்தபடி வளைவில் திரும்புவதை அவளால் நின்று பார்க்க முடியாது. பார்த்தால் தானும் ஓட வேண்டும் என்று கால் தசை துடிக்கும். முப்பத்து மூன்று வயதில், சேலை கட்டிக்கொண்டு, கையில் விசிலோடு நிற்கிற ஒருத்திக்கு அது வெட்கமாக இருக்கும்.

பதினெட்டு வயதில் அதே தூரத்தை மாகாண மட்டத்தில் ஓடி முதலாவதாக வந்தவள் அவள். கொழும்பில் நடந்த அகில இலங்கைப் போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தபோது, மழை ஈரத்தில் லயத்து வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தாள். இடது முழங்காலுக்குள் தசைநார் கிழிந்துபோனது. ஆஸ்பத்திரி டாக்டர் நல்லவர், பொறுமையாகத்தான் சொன்னார்: இனி ஓட வேண்டாம், நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் ஓட்டலாம். தோட்டத்தில் நீந்துவதற்கு எங்கே போவது? சைக்கிள் என்றால் மலை ஏற்றத்தில் பாதி வழி தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஆகவே அவள் நடந்தாள். படிக்க நடந்தாள், வேலைக்கு நடந்தாள், கல்யாணமாகி நிரோஷன் வீட்டுக்கு வந்த பிறகும் நடந்தாள். பதினைந்து வருஷம் ஓடவே இல்லை. கனவில் மட்டும் சில நாள் ஓடுவாள். விழிக்கும்போது முழங்கால் வலிப்பது போல இருக்கும்.

போன வருஷம் மாசியில் போட்டிக்கு ரிப்பனும் கிண்ணமும் வாங்கக் கினிகத்தேனைக்குப் போனாள். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அக்ரமின் சைக்கிள் கடை. ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பழைய சைக்கிள்கள் வெளியே வரிசையாக நின்றன. கூடை வைத்தவை, குழந்தை இருக்கை வைத்தவை. அவற்றுக்குப் பின்னால் சுவரில் சாய்த்துவைத்திருந்த வெள்ளை நிற ரேஸ் சைக்கிளைப் பார்த்துவிட்டு அவள் நின்றாள். விரல் தடிப்பில் டயர், ஆட்டுக்கடாக் கொம்பு போல வளைந்த ஹேண்டில். பாரத்தைப் பார்ப்பதற்கு நடுக்குழாயைப் பிடித்துத் தூக்கினாள். ஒரு கையோடு வந்துவிட்டது.

"யாருக்கு டீச்சர்? தம்பிக்கா?" என்று கேட்டபடி அக்ரம் வெளியே வந்தான்.

"எனக்கு."

அவன் சிரிப்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை. திருகுச் சாவியை எடுத்து சீட்டை இரண்டு அங்குலம் இறக்கினான். அந்த இடத்திலேயே அவள் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டாள்.

"இதுல கால் வைக்க எடமே இல்லையே?" பெடல் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு இரும்புக் கட்டைதான் இருந்தது.

"அதுக்குத் தனிச் சப்பாத்து டீச்சர். அடியில ஒரு தகடு இருக்கும். மிதிச்சா டக்குனு பூட்டிக்கும். கழட்டணும்னா குதிகால வெளிப்பக்கமாத் திருப்பணும்."

"பூட்டிக்கிட்டா என்ன லாபம்?"

"கீழ மிதிக்கிறப்ப மட்டும் இல்ல, கால மேல தூக்குறப்பவும் சைக்கிள் இழுபடும். ஏத்தத்துல ஏறிப் பாருங்க, தெரியும். ஆனா பழகுற வரைக்கும் சாதாப் பெடல் போட்டுத் தாறேன். இத பையில வச்சுக்குங்க."

மூன்று மாதம் சாதாப் பெடலோடு ஓட்டினாள். ஸ்கூல் விட்டதும் சேலையை மாற்றிக்கொண்டு, பழைய டிராக் கால்சட்டையில், பிரதான வீதியில் வட்டவளைப் பக்கம் இறங்கித் திரும்பி ஏறுவாள். பஸ் ஜன்னலிலிருந்து பிள்ளைகள் "டீச்சர்! டீச்சர்!" என்று கத்துவார்கள். முழங்கால் வலிக்கவில்லை. ஆனால் ஏற்றத்தில் கால் பெடலிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. பலம் எங்கேயோ சிந்திப்போவது போல ஒரு தவிப்பு.

நிரோஷன் கொழும்பில் ஹார்ட்வெயார் கடை ஒன்றில் வேலை செய்தான். மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவான். சப்பாத்தை அவன்தான் தேடி வாங்கி வந்தான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதப் போட்டுக்கிட்டு நடக்கவே முடியாது போல இருக்கே."

"நடக்கிறதுக்கு இல்லைங்க."

"எங்க போகப் போற?"

எங்கேயும் போக அவள் ஆசைப்படவில்லை. மூச்சு நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வந்த பிறகும் கால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்குமே, அது வேண்டும். அதை அவனிடம் எப்படிச் சொல்வது? "சும்மா, ஹட்டன் வரைக்கும்" என்றாள்.

பையிலிருந்த பூட்டும் பெடலை மாட்டி, வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நூறு தடவை பூட்டிக் கழற்றிப் பழகினாள். சுவர் பக்கத்தில் இருக்கும்வரை எல்லாம் சரியாகத்தான் வந்தது. மறுநாள் பின்னேரம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் வந்தபோது லொறி ஒன்று குறுக்கே நின்றது. பிரேக்கைப் பிடித்தாள். சைக்கிள் நின்றது. காலைக் கீழே ஊன்றப் பார்த்தாள், வரவில்லை. குதிகாலைத் திருப்ப வேண்டும் என்பது ஞாபகம் வருவதற்குள் சைக்கிளோடு சேர்ந்து, மெதுவாக, மரம் சாய்வது போல வலப்பக்கம் சாய்ந்தாள். கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள் அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தது அவளுடைய மாமியார் வேலாயி.

"கால கட்டிப் போட்டுக்கிட்டா ஓட்டுற? யாருடி ஒனக்கு இப்படி ஒரு யோசன சொன்னது?"

தூக்கியபோது சைக்கிளும் கூடவே வந்தது. பெண்கள் சிரித்தார்கள். வேலாயி சிரிக்கவில்லை. மருமகளின் முழங்காலைக் கையால் அமுக்கிப் பார்த்தாள்.

"அந்தக் காலா?"

"இல்ல அத்த. மத்தது."

வேலாயி பெருமூச்சு விட்டாள். "போதும் இந்த வெளையாட்டு" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு தராசுப் பக்கம் போனாள்.

இரண்டு கிழமை அந்தச் சப்பாத்தை அவள் தொடவில்லை. வகுப்பில் தசமக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேசைக்கடியில் குதிகால் தானாக வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. ஒருநாள் அதைக் கவனித்தாள். அந்தச் சனிக்கிழமையே கினிகத்தேனைக்குச் சைக்கிளில் இறங்கினாள். பூட்டு லேசாகக் கழலும்படி அக்ரம் பெடலிலிருந்த சின்னத் திருகாணியைத் தளர்த்திவிட்டான். "விழாத ஆள் யாரும் இல்ல டீச்சர். நிப்பாட்டுறதுக்கு முன்னாடியே ஒரு கால கழட்டிருங்க. அவ்வளவுதான்."

ஆவணியில் ஒரு ஞாயிறு விடிந்ததும் ஹட்டனுக்குப் புறப்பட்டாள். மழை இல்லை, பனி மட்டும் தேயிலை மேல் படுத்திருந்தது. முதல் ஏற்றத்திலேயே அக்ரம் சொன்னது விளங்கியது. ஒரு கால் அழுத்த, மறு கால் இழுத்தது. எதுவும் சிந்தவில்லை. மூச்சு கூடிக் கூடித் தொண்டையில் இரும்பு ருசி வந்தது. பதினெட்டு வயதுக்குப் பிறகு அந்த ருசி அவளுக்கு அன்றுதான் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காற்றுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஹட்டனுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது பின்னால் சங்கிலிச் சத்தம் கேட்டது. ரேஸ் சைக்கிள்களில் கொழும்புப் பக்கத்து ஆட்கள் நாலு பேர், ஒரே நிறச் சட்டை. கடைசியில் வந்த நரைத்த தாடிக்காரர் அவள் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"நங்கி, என்ன, அபித் எக்க நுவரெலிய யமு" என்று சிங்களத்தில் சொன்னார். தங்கச்சி, வா, எங்களோடு நுவரெலியாவுக்குப் போவோம்.

அவள் அவருடைய பின்சக்கரத்தை மட்டும் பார்த்து மிதித்தாள். ஒரு வளைவு. இன்னொரு வளைவு. மூன்றாவதிலும் ஒரு முழ இடைவெளியில் ஒட்டிக்கொண்டே போனாள். முன்னால் ஆள், பக்கத்தில் மூச்சு, ஓட்டக்களத்தில் இருந்த அதே நெருக்கம். நாலாவது வளைவில் முழம் இரண்டாகி, இரண்டு பத்தானது. தாடிக்காரர் திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினார். பிறகு நாலு சட்டைகளும் பனிக்குள் போய்விட்டன.

ஹட்டனில் மல்லியப்பூ சந்தியில் இறங்கி, தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றபடி நிரோஷனுக்கு கோல் எடுத்தாள்.

"வந்துட்டேங்க."

"எங்க, ஹட்டனுக்கா? நெசமாவா? விழல்லதானே?"

"இல்ல. இங்கருந்து நுவரெலியாவுக்கு எவ்வளவு தூரம் இருக்கும்?"

"பஸ்ல ரெண்டு மணித்தியாலம். ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

வேலாயி தனியாகச் சமைத்துக்கொண்டிருப்பாள், உடனே திரும்ப வேண்டும். ஆனாலும் அவள் கொட்டகலை வழியாக நுவரெலியாவுக்குப் போகிற வீதியைப் பார்த்தபடி நின்றாள். தேத்தண்ணி ஆறிப்போனது.

அதற்குப் பிறகு அதே வீதியில் தலவாக்கலை வரை இரண்டு தடவை போய் வந்திருக்கிறாள். நுவரெலியாவுக்கு இன்னும் போகவில்லை.