லாரி நெற்றியில் எங்கள் வீட்டுப்பெயர்

நாங்கள் பாலக்கோட்டுப் பக்கம் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம். எங்களுக்கு, பெயருக்கு முன்னால் பரம்பரையாகச் சேர்த்துக்கொள்ளும் வீட்டுப்பெயர் உண்டு. அப்பாவின் சித்தப்பா இளவயதிலேயே பெங்களூர்ப் பக்கம் பிழைக்கப் போனவர். அதன்பிறகு தகவலே இல்லை. எண்பதுகளில் நான் கல்லூரியில் படித்தபோது, பெங்களூர் டெலிபோன் டைரக்டரி ஒன்று கைக்குக் கிடைத்தது. என் பள்ளிச் சான்றிதழில் வீட்டுப்பெயர் ஆங்கில எழுத்து ‘கே’யில் தொடங்கும். அந்த வரிசை முழுக்கத் தேடினேன். எங்கள் பெயரில் ஒருவரும் இல்லை.

ஒருநாள் அப்பாவோடு தக்காளி மண்டியில் நின்றிருந்தேன். ஒரு பெங்களூர் லாரியின் நெற்றியில் ஆங்கில ‘ஜி’யில் தொடங்கும் பெயரைச் சும்மா வாய்விட்டுப் படித்தேன். அப்பா சட்டென்று திரும்பினார்.

“இன்னொருக்கா சொல்லு.”

சொன்னேன். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எங்கள் வீட்டுப்பெயரை வீட்டில் நாங்கள் சொல்வதும் அப்படித்தான். தமிழில் ‘கே’, ‘ஜி’ இரண்டின் ஒலிக்கும் ஒரே ‘க’ எழுத்துதான் என்பதால் பள்ளிக்கூடத்தில் ‘கே’ போட்டுவிட்டார்கள்.

அப்பா லாரிக்காரரிடம் போனார். “இது உங்க வூட்டுப் பேருங்களா?”

“ஆமாங்க. எங்கப்பா இந்தப் பக்கத்து ஆளுதாங்க.”

அவருடைய அப்பாவின் பெயரைக் கேட்டதும் அப்பா தக்காளிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

“அவரு எனக்குச் சித்தப்பா. இருக்காரா?”

“நல்லா இருக்காருங்கண்ணா. எப்பவும் இந்த ஊருப் பேச்சுதான்.”

அப்பா அழுக்கு வேட்டியோடு அதே லாரியில் ஏறிக்கொண்டார். “அம்மாகிட்ட சொல்லிரு, சித்தப்பாவக் கூட்டிக்கிட்டுதான் வருவேன்” என்று கத்தினார். வீடு போய்ச் சேரும்வரை பொறுக்காமல், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடமே நான் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கிவிட்டேன்.